தக்காளிக்கு ஈரமணல் தொட்டியா, பிரிட்ஜா?

மாசி, பங்குனியில் திருநெல்வேலிச் சந்தையில் விலை விழுந்தால், பறித்ததை எங்கே வைப்பது?

செலவு: தொட்டிக்குச் செங்கல், மணல், மேலே மூட ஈரச்சாக்கு போதும். பிரிட்ஜுக்கு மாதாமாதம் மின்கட்டணம்.

குளிர்ச்சி: தொட்டிக்கு இரட்டைச் சுவர், இடையில் 3 அங்குல மணல், காலையும் மாலையும் நனைக்க வேண்டும். நீர் ஆவியாகும்போதுதான் குளிரும், ஆகவே கார்த்திகை, மார்கழி ஈரக்காற்றில் பலன் குறைவு. உவர்க்கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் செங்கல்லில் உப்புப் பூத்துத் துளைகள் அடைபடும். பிரிட்ஜில் இந்தக் கவலை இல்லை.

தரம்: இங்கேதான் பலர் நல்ல காயைப் பாழாக்குகிறார்கள். அடியில் இளஞ்சிவப்பு இப்போதுதான் படரும் காயைப் பிரிட்ஜின் 4 பாகை செல்சியஸில் நாட்கணக்கில் வைத்தால், பிறகு சீராகப் பழுக்காது. வெளியே எடுத்ததும் தோலில் சிறு குழிகள் விழும். அவற்றில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும்.

எதில் வைத்தாலும் காம்பைக் கிள்ளி, வெடித்ததைக் கழித்து, இரண்டு அடுக்குக்கு மேல் ஏற்றாதீர்கள்.

நிறம் திரும்பும் காய், விற்பனைக்கு: தொட்டி.
முழுதாகச் சிவந்த பழம், வீட்டுக்கு, சில நாளைக்கு: பிரிட்ஜ். சம்பலுக்கு எடுப்பதென்றால் முதல்நாளே வெளியே வையுங்கள். மணம் ஓரளவு திரும்பும்.