கருவிழி மாற்றிய பிறகு: தையலும் வடிவமும் பார்வையும்

கருவிழி (கார்னியா, கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளிபுகும் படலம்) மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன. எனக்கு இருந்தது கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பாக முன்னே புடைக்கும் நோய். வலக் கண்ணில் தழும்பும் விழுந்துவிட்டதால் முழுத் தடிமனுக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. இதே சிகிச்சைக்குத் தேதி வாங்கிக் காத்திருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதிய கருவிழி தெளிவாக இருப்பது வேறு, அதன் வழியே தெளிவாகத் தெரிவது வேறு. முதலாவது சில வாரங்களில் வந்துவிட்டது. இரண்டாவது வடிவத்தைப் பொறுத்தது. அதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்தது.

கண்ணுக்குள் நுழையும் ஒளியைக் குவிப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலையைக் கருவிழியே செய்கிறது. அதன் தடிமனோ அரை மில்லிமீட்டர்தான். கொடையாகக் கிடைத்த கருவிழியில் சுமார் 8 மி.மீ. வட்டத்தை வெட்டியெடுத்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் சுற்றிலும் தைக்கிறார்கள். துணியில் ஓர் இழை இழுத்துக்கொண்டால் அந்தப் பக்கம் முழுவதும் கோணிக்கொள்ளும் அல்லவா, அதுபோல ஒரு தையல் சற்றே இறுகினாலும் கருவிழியின் வளைவு அந்தத் திசையில் கூடிவிடும். அதுதான் அஸ்டிக்மாட்டிசம். மருத்துவரின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், ஆறும்போது திசு தன் போக்கில் இழுபடத்தான் செய்யும். கருவிழியில் இரத்தக் குழாய்கள் கிடையாது. அதனால் காயம் மெல்லத்தான் கூடும். தையல்களை அவ்வளவு காலம் விட்டுவைப்பதற்கும் அதுவே காரணம்.

முதல் சில மாதங்களில் சோதனை அறையின் எழுத்துப் பலகையில் முன்பைவிட இரண்டு வரிகள் கூடுதலாகப் படித்தேன். ஆனால் தமிழ் முரசு நாளிதழைக் கையில் எடுத்தால் தலைப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே இன்னொரு மங்கலான புள்ளி நின்றது. மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்பதைச் சொல்லின் பொருளைக் கொண்டுதான் பிரித்தறிந்தேன். இங்கே சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் இரவு நேரத்தில் தெருவிளக்குகள் ஒரே பக்கமாக வால் விட்டு நீண்டன. பார்க்கிறவர்கள் எல்லாம் "பார்வை வந்துவிட்டதா?" என்று அன்போடு கேட்டார்கள். அம்மாவிடம் மட்டும் உட்கார்ந்து விளக்கினேன்: "கண்ணாடி சுத்தமாகிவிட்டது அம்மா, வளைவுதான் இன்னும் சரியாகவில்லை."

அந்த வளைவைக் காட்டுவது டோப்போகிராபி என்னும் படம். மோவாயைத் தாங்கியில் வைத்து, இமைக்காமல் ஒளி வளையங்களையே பார்க்க வேண்டும். வளைவு கூடிய இடம் சிவப்பாகவும் தட்டையான இடம் நீலமாகவும் திரையில் வரும். என் முதல் படத்தில் 8 டயாப்டருக்கு (ஒளியைக் குவிக்கும் திறனை அளக்கும் அலகு) மேல் அஸ்டிக்மாட்டிசம் இருந்தது. ஒவ்வொரு முறையும் படத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். பலகையில் படித்த வரிகள் அன்றைய களைப்பையும் கண் வறட்சியையும் பொறுத்து மாறும். எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று எனக்குக் காட்டியவை அந்தப் படங்கள்தான்.

சிவப்பு எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் இறுக்கமாக இருக்கும் தையலைத் தேர்ந்து எடுப்பார்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்து, ஊசி முனையால் நூலை அறுத்து, இடுக்கியால் உருவிவிடுவார்கள். வலி இல்லை, நூல் வெளியேறும்போது ஒரு மெல்லிய இழுப்பு மட்டும் தெரியும். சில வாரங்கள் கழித்து மறுபடி படம், மறுபடி ஆலோசனை. ஒன்றை எடுத்தபோது நன்றாகக் குறைந்தது. அடுத்ததை எடுத்தபோது வளைவு கூடிய திசை வேறு பக்கம் திரும்பி, எழுத்துகள் முன்பைவிட மோசமாயின. மனம் உடைந்துபோகும் கட்டம் அது. இப்படி ஏறி இறங்குவது வழக்கம்தான் என்பதை அறுவைக்கு முன்பே நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாத் தையலும் போன பிறகு 4 டயாப்டரை ஒட்டி நின்றது.

இடையில் கண்ணாடிக்கு அவசரப்படாதீர்கள். தையல் இருக்கும்வரை பவர் மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது அணிவது ஸ்கிளீரல் லென்ஸ். அது கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியின் மேல் அமரும். இடையில் நிற்கும் உப்புநீர் மேடுபள்ளங்களை நிரப்பிவிடுகிறது. கிண்ணம்போல் லென்ஸை நிரப்பி, முகத்தைத் தரைக்கு நேராகக் கவிழ்த்து, ஒரு குமிழிகூடச் சேராமல் பொருத்தப் பழக வேண்டும். கண்ணாடியோடு 6/24 படித்த கண், இதோடு 6/9 படிக்கிறது (6/6 என்பது இயல்பான பார்வை). புள்ளிகள் ஒன்றாகிவிட்டன. ஆனால் மாற்றுக் கருவிழிக்குப் போதிய ஆக்சிஜன் வேண்டும் என்பதால் நாள் முழுவதும் அணிவதில்லை; மாலையில் கழற்றிவிடுகிறேன். அறுவைக்கு மெடிசேவ் என்னும் கட்டாய மருத்துவச் சேமிப்பு கைகொடுத்தது; லென்ஸுக்குக் கைக்காசு.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தின் அளவை மருத்துவர் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வருகிறார். அது கண்ணழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதால் ஒவ்வொரு சந்திப்பிலும் அழுத்தமும் பார்க்கிறார்கள். கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே போய்விட வேண்டும்; உடல் புதிய திசுவை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம். உடனே கவனித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் தையல் தளர்ந்திருக்கலாம். அதன் வழியே கிருமி நுழையும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. முன்பே மறுப்புத் தெரிவிக்காதவர் இறந்தால் அவர் உறுப்பை எடுத்துப் பிறருக்குப் பொருத்த வழிசெய்வது, சிங்கப்பூரில் 1987-இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம். அது முதலில் சிறுநீரகத்துக்கு மட்டுமே இருந்தது. 2004-இல் செய்த திருத்தம் கருவிழியையும் சேர்த்தது. எனக்குக் கருவிழி தந்தவர் யார் என்று தெரியாது; தெரிந்துகொள்ளவும் முடியாது. அந்தக் குடும்பத்தை நினைக்காமல் நான் லென்ஸ் அணிவதில்லை.

இடக் கண்ணில் நோய் ஆரம்ப நிலையில் இருந்ததால், கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ்லிங்கிங் என்னும் சிகிச்சை செய்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணின் படம் இதுவரை மாறவில்லை. அக்கா மகன் எப்போதும் கண்ணைக் கசக்குவான். கசக்குவது இந்த நோயைக் கூட்டும், குடும்பத்திலும் வரக்கூடும் என்பதால் அவனையும் அழைத்துப்போய்ப் படம் எடுத்தேன். வளைவு இயல்பாகத்தான் இருக்கிறது. ஒவ்வாமைக்குச் சொட்டு மருந்து கொடுத்து, அடுத்த ஆண்டு மறுபடி படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.