டிரிஃப்ட் வந்த கன்ட்ரோலர்: துடைப்பதா, ஸ்டிக்கையே மாற்றுவதா?

வீடியோ கேம் கன்ட்ரோலரின் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்த பிறகும் திரையில் ஆள் தானாக நடந்துகொண்டிருந்தால் அதுதான் டிரிஃப்ட். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வருமே, அதே வகைக் கோளாறுதான் இதுவும். டூயல்சென்ஸ் (பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலர்), எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் அசைவை அளக்கும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் உண்டு. பக்கவாட்டு அசைவுக்கு ஒன்று, மேல் கீழ் அசைவுக்கு ஒன்று. உள்ளே கார்பன் தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். தடத்தில் அழுக்கு சேர்ந்தாலும் தடமே தேய்ந்தாலும் அளவு தவறும். அழுக்கு என்றால் துடைத்தால் போதும். தேய்மானத்தைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

அதனால் திருகைக் கழற்றும் முன் கன்ட்ரோலரைக் கணினியில் செருகி, கேம்பேட் சோதிக்கும் பக்கம் ஒன்றில் எண்களைப் பாருங்கள். ஸ்டிக்கைத் தொடாதபோதும் எண் துள்ளினால் தடத்தில்தான் கோளாறு. ஒரே இடத்தில் விலகி நிலையாக நின்றால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், மையம் நகர்ந்திருக்கலாம்.

டெட்ஸோனை, அதாவது ஸ்டிக்கின் சிறு அசைவுகளை விளையாட்டு கண்டுகொள்ளாத எல்லையை, கூட்டி வைப்பது காசில்லாத வழி. ஆனால் மெல்ல நகர்த்திக் குறிபார்ப்பது போய்விடும். சுடும் விளையாட்டு ஆடுபவர்களுக்கு அது தற்காலிக ஏற்பாடுதான்.

துடைப்பதற்கு 99 சதவீத ஐஸோப்ரொபைல் ஆல்கஹால் அல்லது எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் வேண்டும். சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம், எண்ணெய்ப் படலம் தங்கி மேலும் தூசியை இழுக்கும். மூடியைத் திறந்து, முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றி, பொட்டென்ஷியோமீட்டரில் சில துளிகள் விட்டு, ஸ்டிக்கை நன்றாகச் சுழற்றி, முழுதும் உலரவிட வேண்டும். ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் தேவையில்லை, செலவும் குறைவு. முதலில் இதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன். ஆனால் சில நாளிலேயே டிரிஃப்ட் திரும்பி வந்தால் மறுபடி துடைப்பதில் பயனில்லை, தடம் தேய்ந்துவிட்டது.

அப்புறம் மாட்யூலை, அதாவது ஸ்டிக்கின் முழுப் பாகத்தையும், மாற்றுவதுதான். டூயல்சென்ஸில் ஒரு ஸ்டிக்குக்கு 14 சால்டர் புள்ளிகள். புதியதைப் பொருத்துவது எளிது, பழையதை எடுப்பதுதான் பெரும்பாடு. கிரவுண்டோடு சேர்ந்த கால்களில் சர்க்யூட் பலகையின் செம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் சட்டென்று உருகாது. முதல்முறை நான் அவசரப்பட்டு இழுத்ததில் செம்பு வளையம் ஒன்று பலகையிலிருந்து பிய்ந்தே வந்துவிட்டது. இப்போதெல்லாம் பழைய மாட்யூலைக் கட்டரால் துண்டு துண்டாக வெட்டிவிட்டு, கால்களை ஒவ்வொன்றாக உருக்கி எடுக்கிறேன். பழைய மாட்யூல் எப்படியும் குப்பைக்குத்தான், காப்பாற்ற வேண்டியது பலகையை.

இவ்வளவு பாடுபட்ட பிறகு மறுபடியும் கார்பன் மாட்யூலையே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஹால் எஃபெக்ட் மாட்யூல் போடுங்கள். ஸ்டிக்கோடு ஒரு காந்தம் அசையும், சென்சார் அதன் புலத்தை அளக்கும், அளக்கும் இடத்தில் உரசல் என்பதே கிடையாது. புதுமை ஒன்றுமில்லை, 1998-இல் ஜப்பானில் வந்த சேகா ட்ரீம்காஸ்ட்டின் ஸ்டிக்கே இந்த முறைதான். ஆனால் இதிலும் ஸ்பிரிங் தளரும். மாற்றியதும் மையத்தைச் சரியாகப் பதியவைக்கும் காலிபரேஷன் செய்தே ஆக வேண்டும், இல்லையென்றால் புது மாட்யூலும் டிரிஃப்ட் போலவே காட்டும். டிஎம்ஆர் என்ற இன்னொரு சென்சார் வகையும் காந்தமுறைதான், மின்சாரம் குறைவாக எடுக்கும்.

நின்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்-கான் கன்ட்ரோலர் வைத்திருந்தால் கதையே வேறு. அதன் ஸ்டிக் தட்டையானது, பலகையில் சால்டர் செய்யப்படாதது, ரிப்பன் கேபிளில் இணைவது. அங்கே துடைப்பதில் நேரத்தைச் செலவிடாமல் நேராக ஹால் ஸ்டிக் வாங்கி மாற்றிவிடலாம். ஒய் வடிவத் திருகுக்கு ஒன்று, உள்ளே இருக்கும் சின்ன ப்ளஸ் திருகுக்கு ஒன்று என இரண்டு ஸ்க்ரூடிரைவர்கள் வேண்டும். ரிப்பனைப் பிடித்திருக்கும் சின்ன லாட்ச்சை மட்டும் மெதுவாக நிமிர்த்துங்கள். அது உடைந்தால் புது ஸ்டிக்கின் ரிப்பன் பிடிமானமில்லாமல் நழுவும்.