தனியாக உதைத்துப் பழக மூன்று கால் ஸ்டாண்ட்: வாங்கலாமா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஃபீல்டு கோல் (நிறுத்திய பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புவது) பழக, பந்தைப் பின்னால் எறியும் ஸ்னாப்பர், அதைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர், உதைக்கும் கிக்கர் என்று மூன்று பேர் வேண்டும். முதல் இருவரும் வராத நாளுக்குத்தான் இந்த இரும்பு ஸ்டாண்ட். மூன்று கால்கள், மேலே வளைந்த ஒரு கை. கையின் நுனி பந்தின் தலையைத் தொட்டு நிறுத்தும்.

ஒவ்வொரு முறையும் பந்து ஒரே சாய்வில் நிற்பதால், தவறு நம் காலில்தான் என்பது மறைக்க முடியாமல் தெரிந்துவிடும். வலது காலால் உதைப்பவர் பின்னால் 3 எட்டு, இடப்பக்கம் 2 எட்டு வைத்து நிற்பது வழக்கம். ஊன்றும் இடது கால் பந்துக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய ஓர் அடி தள்ளி, விரல்கள் இலக்கைப் பார்த்து விழ வேண்டும். அது பந்தைத் தாண்டிப் போனால் உதை தாழ்ந்து, எதிரணியின் கையில் படும். பின்தங்கினால் பந்து உயரே போகும், தூரம் போகாது. கணுக்காலை இறுக்கி, விரல்களைக் கீழ்நோக்கி நீட்டி, புறங்காலின் எலும்பால் பந்தின் பருத்த பகுதிக்குச் சற்றுக் கீழே அடிக்க வேண்டும். கணுக்கால் தளர்ந்தால் விசை பாதியிலேயே வீணாகும்.

வலது கால் கிக்கருக்கு ஸ்டாண்ட் பந்தின் வலப்பக்கம், தையல் கயிறு கோலைப் பார்த்து. நுனி பட்டும் படாமலும் இருக்கட்டும். அழுத்தி வைத்தால் பந்து கிளம்பும்போது உரசிச் சுழற்சி கெடும். எடை குறைந்த மலிவு ஸ்டாண்டுகள் காற்றில் சாயும், செயற்கைப் புல்லில் நழுவும். வாங்குமுன் தூக்கிப் பாருங்கள். பந்தில் காற்று 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ இல்லையென்றால் எந்த ஸ்டாண்டும் உதவாது.

பந்தை மேலே வைத்து உதைக்கும் 2 அங்குல ரப்பர் பிளாக் இதைவிட மலிவு. ஹைஸ்கூல் ஆட்டத்தில் அனுமதியும் உண்டு. ஆனால் கல்லூரி ஆட்டத்தில் ஃபீல்டு கோலுக்கு அதை 1989-லேயே நிறுத்திவிட்டார்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லிலும் தரையிலிருந்துதான் உதை. பிளாக்கில் பழகிய கால் 5 செ.மீ. கீழே இறங்கத் தெரியாமல் பந்தின் நடுவில் அடிக்கும். கல்லூரிக் கனவு இருந்தால் பிளாக் வேண்டாம்.

ஸ்டாண்டால் கற்றுத்தர முடியாதது நேரம். ஆட்டத்தில் ஸ்னாப் முதல் உதை வரை சுமார் 1.3 விநாடிதான், ஸ்டாண்டோ நீங்கள் கிளம்பும்வரை காத்திருக்கும். வாரம் ஒரு முறையாவது மனிதக் கை பிடித்து நிறுத்தும் பந்தை உதையுங்கள்.