ஜிப்சிக்கு லிஃப்ட், லாக்கர் போடக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய மாருதி ஜிப்சி, மஹிந்திரா மேஜர், எம்.எம். 540 மாதிரி ஜீப் வண்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் போடலாமா, பெரிய டயர் மாட்டலாமா என்று பட்டறை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடையது 2003 ஜிப்சி கிங், எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், சாஃப்ட் டாப். கோவைக்கு வெளியே ஒரு பட்டறையில் கொடுத்தேன். மொத்தம் ரூ. 2,60,000 வாங்கினார்கள். திரும்பி வந்த வண்டியில் லாக்கர் (இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைக்கும் சாதனம்) என்று காசு வாங்கிய இடத்தில் லாக்கர் இல்லை, லிஃப்ட் கிட் என்று சொன்னது கிட் இல்லை, இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது முன் பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) அறுந்துபோனது. பக்கத்து சீட்டில் என் தங்கை மகன் உட்கார்ந்திருந்தான், காலேஜ் படிக்கிற பையன். பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் முக்கியமும் இல்லை, இதே வேலையை இதே மாதிரி செய்கிற ஆட்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள், அந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜிப்சியில் கம்பெனி அமைப்பில் பட்டை (வண்டியின் எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அதை ஆக்சிலுக்கு மேலே ஏற்றி வைத்தால் வண்டி ஒரேயடியாக ஐந்து அங்குலம்போல உயரும். ஸ்பிரிங் ஓவர் என்று சொல்வது இதைத்தான். இதைச் செய்து, வெளிநாட்டுக் கிட் பட்டை, நீளமான ஷாக் அப்சார்பர், 31 அங்குல டயர், பின்னால் சுவிட்ச் போட்டால் பூட்டிக்கொள்ளும் லாக்கர், எல்லாவற்றுக்கும் சேர்த்து "ஆர்.டி.ஓ. அப்ரூவல் சர்டிபிகேட்" என்று வாட்ஸாப்பில் வரிவரியாகக் கொட்டேஷன் அனுப்பினார்கள். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்ன செய்வீர்கள் என்று நான் தனியாகக் கேட்டேன். "எல்லாம் கிட்லயே வந்துருமுங்ணா, அதெல்லாம் நீங்க யோசிக்கவே வேண்டாம்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

வண்டி சொன்ன தேதியில் வரவில்லை, நடுவில் இரண்டு தடவை கூடுதல் பணம் கேட்டார்கள், அதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான், அதற்காக ஒரு பதிவு எழுத மாட்டேன். வண்டி கைக்கு வந்த பிறகு நடந்ததுதான் விஷயம்.

தார்ச்சாலையில் ஐம்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் தானாக அலைந்தது. ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கி ஏறினால் கையில் இருக்கும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அடியிலிருந்து நடுக்கம். இதைவிட மோசம் திருப்பத்தில். பெட்ரோல் பங்கில் மெதுவாக வளைத்தால்கூடப் பின் டயர் கீச்சென்று தேய்ந்து கத்தும், திருப்பம் முடியும்போது டங்கென்று ஒரு அடி. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கோடு லாக்கர் சுவிட்ச் இருந்தது, அது அணைந்துதான் இருந்தது. போன் செய்தால் "புதுசுங்ணா, ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிரும்" என்றார் பட்டறைக்காரர். தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். லாக்கர் ஓடி ஓடி செட் ஆகிற பொருள் இல்லை. சுவிட்ச் லாக்கர் என்றால் அணைத்த நிலையில், திருப்பத்தில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் சாதாரண டிஃப்ரென்ஷியல் போலவேதான் இருக்க வேண்டும், ஒரு சத்தமும் வரக் கூடாது.

ஹோஸ் அறுந்தது உடுமலைப் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்தில். தோட்டத்துக்கு நடுவே ஒரு வறண்ட ஓடை, கரை செங்குத்தாக இல்லை, உருட்டுக் கல், அவ்வளவுதான். லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர் அமைப்பு) முதல் கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். முன் இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் முழுக்கத் தொங்கியது, அடுத்த நொடி பிரேக் பெடல் கிட்டத்தட்டத் தரைவரை போய்விட்டது. பின்பக்க டிரம் மட்டும் கொஞ்சம் பிடித்தது. லோ ரேஞ்சில் இருந்ததால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்தது, அதனால் கீழே போய் மெதுவாக நின்றோம். இதே ஹோஸ் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறி இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வண்டியை வாங்கியதே அடிக்கடி வால்பாறை போவதற்காகத்தான்.

வண்டியை லாரியில் ஏற்றிப் பொள்ளாச்சியில் பழைய ஜீப் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் முதலில் கேட்டது, "ஏனுங்க தம்பி, இந்த வேலையப் பண்ணுன ஆளு இந்த வண்டில ஏறி ஒருதரம் ஓட்டிப் பார்த்தானுங்களா?" என்றுதான். அதன்பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார், நானும் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தேன்.

பிரேக் ஹோஸ் எல்லாம் கம்பெனி நீளத்தில் அப்படியே இருந்தன. வண்டியை ஐந்து அங்குலம் தூக்கினால் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையில் தூரம் கூடுகிறது, சக்கரம் தொங்கும்போது இன்னும் கூடுகிறது, ஹோஸ் மட்டும் நீளாமல் இருந்தால் அது விறைத்து நின்று ஒருநாள் அறுந்தே தீரும். ஒரு ஹோஸுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய், நீளமான ஹோஸைப் பொருத்தமான பிட்டிங்கோடு செய்து தருகிற கடைகள் கோவையிலேயே இருக்கின்றன. இரண்டரை லட்சம் வாங்கியவர்கள் அதைச் செய்யவில்லை.

ஸ்டீயரிங் பக்கமும் எதையும் தொடவில்லை. பட்டையை மேலே ஏற்றும்போது ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் என்ற கம்பி அதிகமாகச் சாய்ந்துவிடும், சாய்ந்தால் ஒவ்வொரு குழியிலும் அது சக்கரத்தைத் தள்ளும். வளைவு கொடுத்த லிங்க் போட வேண்டும் அல்லது ஸ்டீயரிங் கம்பிகளையே நக்கிள் (முன்சக்கரத்தைத் திருப்பும் பாகம்) மேலே ஏற்ற வேண்டும், வேறு வழி இல்லை. இதோடு ஆக்சில் மேல் பட்டை உட்காரும் இரும்புத் தட்டுகளை எந்தக் கோணத்தில் வைத்து வெல்டிங் அடிக்கிறோம் என்பதுதான் முழு வேலையின் உயிர். கேஸ்டர் கோணம் (வண்டியை நேராக ஓடவைக்கும் முன்சக்கரச் சாய்வு), ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் போய்ச் சேரும் கோணம் இரண்டும் அங்கேதான் முடிவாகிறது. என் வண்டியில் இடது தட்டும் வலது தட்டும் வெவ்வேறு சாய்வில் இருந்தன. அதுதான் ஸ்டீயரிங் அலைந்ததற்கும் அடியில் நடுங்கியதற்கும் காரணம். வலதுபக்கத் தட்டின் வெல்டிங்கில் முடி அளவுக்கு ஒரு விரிசல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பட்டையை ஆக்சிலோடு பிடித்துவைக்கும் யூ போல்ட் பழையதையே திருப்பி மாட்டியிருந்தார்கள். ஒருதரம் முறுக்கி இழுபட்ட யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது என்று லாரிப் பட்டை வேலை பார்க்கிற பையனுக்குக்கூடத் தெரியும்.

"வெளிநாட்டுக் கிட்" பட்டை, வேறு ஏதோ ஒரு வண்டியின் பழைய பட்டை. தட்டி வளைவு கொடுத்து, கறுப்பு பெயின்ட் அடித்து, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே துருப் பள்ளங்கள்.

அப்புறம் லாக்கர். பெரியவர் பின் சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார். சாதாரண டிஃப்ரென்ஷியலில் ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். என் வண்டியில் சுவிட்ச் அணைத்திருந்தும் இரண்டும் ஒரே பக்கம் சுற்றின. டிஃப்ரென்ஷியல் இருக்கும் கிரௌன் செட்டை இறக்கினால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்த்து வெல்டிங் அடித்து வைத்திருக்கிறார்கள்! டாஷ்போர்டு சுவிட்சிலிருந்து போன ஒயர் கார்ப்பெட்டுக்கு அடியில் டேப் சுற்றி அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கு வாங்கியது ரூ. 70,000.

இது எவ்வளவு ஆபத்து என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் "வெல்டிங் அடிச்சாலும் லாக்கர்தானே" என்று சிலர் எனக்கே சமாதானம் சொன்னார்கள். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும், டிஃப்ரென்ஷியல் இருப்பதே அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கத்தான். அதைப் பற்றவைத்துவிட்டால் விட்டுக்கொடுக்க இடம் இல்லை, டயர் வழுக்கியாக வேண்டும் அல்லது ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கித் தாங்க வேண்டும். சேற்றிலும் மணலிலும் வழுக்கிவிடும், அதனால் தெரியாது. தார்ச்சாலையில், அதிலும் மழை பெய்த மலைப்பாதையில், வளைக்க வளைக்க வண்டி நேராகவே போகப் பார்க்கும். போட்டிக்கென்றே வைத்திருக்கிற, சாலையில் ஓடாத வண்டியில் தெரிந்தே இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் முடிவு. சாலையில் குடும்பத்தோடு போகிற வண்டியில் சொல்லாமல் செய்துவிட்டு அதற்கு ஒரு பொய் சுவிட்சும் வைத்துக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

டயர் விஷயமும் ஒரு வார்த்தை. வண்டியில் முதலில் இருந்தது 205/70 ஆர்15, விட்டம் சுமார் 26 அங்குலம். 31 மாட்டினால் ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 59-ல் ஓடிக்கொண்டிருக்கும். கூடவே கியர் எல்லாம் நீண்டுபோய்விடும், ஜிப்சியின் 1.3 லிட்டர் இன்ஜின் ஏற்றத்தில் திணறும், பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸில் (லோ ரேஞ்ச் இருக்கும் கியர் பெட்டி) லோ கியர் மாற்றாமல் அவ்வளவு பெரிய டயர் போடவே கூடாது என்று பெரியவர் சொன்னார். கொட்டேஷனில் அப்படி ஒரு வரியே இல்லை.

இனி அந்த "அப்ரூவல் சர்டிபிகேட்". ரூ. 12,000 வாங்கிக்கொண்டு பட்டறையின் சீல் குத்திய ஒரு தாளை லேமினேட் செய்து கொடுத்தார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன், இதற்கு ஒரு மதிப்பும் இல்லை என்று சொல்லிவிட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்டுப் பதிவான விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி எதையும் செய்ய முடியாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ. 5,000 அபராதம், ஆறு மாதம்வரை சிறைக்கும் இடம் உண்டு. சிக்கிக்கொள்வது உரிமையாளர்தான். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இந்த மாற்றங்களைத்தான் முதலில் கேட்கும். 15 வயது தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும் என்பதால் இதிலிருந்து ஒளியவும் முடியாது. எந்தப் பட்டறையாவது "அப்ரூவல் நாங்க வாங்கித் தர்றோம்" என்றால், உங்கள் ஆர்.சி.யிலேயே அந்த மாற்றம் ஏறுமா என்று கேளுங்கள், ஏறாது என்றால் அது வெறும் தாள்.

இதனால்தான் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கழற்றிய சாமான்கள் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிவிடுங்கள். என் வண்டியின் கம்பெனிப் பட்டை, ஷாக் அப்சார்பர், ஐந்து ரிம் எதையும் அவர்கள் தரவில்லை, "ஸ்கிராப்ல போயிருச்சு" என்றார்கள். 1985-லிருந்து ஓடுகிற வண்டி, 2018 கடைசியோடு மாருதி பொதுமக்களிடம் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டது, நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் சாமானுக்கு இப்போது நல்ல விலை. அது உங்கள் சொத்து. அது கையில் இருந்தால்தான் வண்டியைப் பழையபடி ஆக்கவும் முடியும். நான் உக்கடம் பழைய சாமான் கடைகளில் அலைந்து பட்டையும் கிரௌன் செட்டும் வாங்கி, பெரியவர் கையால் வண்டியைக் கம்பெனி உயரத்துக்கே திருப்பினேன்.

கம்பெனி உயரத்தில் காட்டுவழி போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாஃப்ட் டாப் ஜிப்சி ஆயிரம் கிலோகூட இல்லாத வண்டி. நல்ல டயர், கல் பாதைக்குத் தகுந்தபடி காற்றைக் குறைத்துக்கொள்வது, முன்னும் பின்னும் பலமான இழுவைக் கொக்கி, ஒழுங்கான பிரேக், இவ்வளவு போதும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்புகளைப் பாருங்கள். தினமும் அந்தக் கல்லில் ஏறி இறங்குவது பழைய மஹிந்திரா வண்டிகள்தான், அங்கே பிழைப்பே பட்டையையும் பிரேக்கையும் டிரைவரின் காலையும் நம்பித்தான் நடக்கிறது.

பட்டறையில் போய்க் கேட்டதற்குக் கிடைத்த பதில், "ஆஃப் ரோடு போனா உடையத்தாங்ணா செய்யும்". வெல்டிங் அடித்த பல்சக்கரத்தின் போட்டோவை அனுப்பிய பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸுக்கும் பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். ஐந்து லட்சம்வரை கொடுத்த வேலைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே பதியலாம், பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தால் சொல்வார்கள். எனக்குக் கைகொடுப்பது வாட்ஸாப் கொட்டேஷன், வாய்ஸ் மெசேஜ், ஜி.பே.யில் போன ரூ. 1,80,000-க்கான பதிவு, பெரியவர் எழுதிக் கொடுத்த அறிக்கை. பில் இல்லாமல் ரொக்கமாக வாங்கிய ரூ. 80,000-ஐ நிரூபிப்பது கஷ்டம் என்று வக்கீல் சொல்கிறார்.

கோவை வட்டாரத்தில் சமீபத்தில் ஸ்பிரிங் ஓவர் செய்து எடுத்த ஜிப்சி வைத்திருப்பவர்கள், அடுத்த தடவை வண்டியை எடுக்கும் முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டு ஹோஸ் விறைக்கிறதா என்று பாருங்கள். பட்டைத் தட்டின் வெல்டிங்கைத் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பின் சக்கரம் இரண்டையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். உங்கள் வண்டியிலும் இதே வேலை நடந்திருந்தால் கழற்றும்போது போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், சேர்ந்தே ஆணையத்தில் கொடுக்கலாம்.