‘எந்தக் கருவியிலும் படிக்கலாம்’ என்று விற்கும் மின்னூல் கடைகள்: எச்சரிக்கை

தமிழ் மின்னூல் விற்கும் ஓர் இணையக் கடை, ஒவ்வொரு நூலின் விலைக்குக் கீழும் ‘எந்தக் கருவியிலும் படிக்கலாம்’ என்று போட்டிருந்தது. அதை நம்பி 240 ரூபாய் கட்டினேன். ஒரு பக்கம்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

நூல் அப்பாவுக்காக. 1996இல் மூடப்படும் வரை பெரம்பூர்ப் பக்கம் பின்னி ஆலையில் வேலை பார்த்தவர் அவர். ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய அந்த நூல் அச்சில் கிடைக்கவில்லை. பொடி எழுத்து அவருக்குச் சிரமம் என்பதால் வீட்டில் ஒரு கிண்டில் (மின்னூல் படிப்பதற்கான அமேசானின் கருவி) வைத்திருக்கிறோம்.

பணம் கட்டியதும் இறங்கியது சில கிலோபைட் மட்டுமே உள்ள ஒரு ஏ.சி.எஸ்.எம். கோப்பு. அது புத்தகமே அல்ல, புத்தகத்தைப் பெற்றுக்கொள்வதற்கான டோக்கன். அடோபி நிறுவனத்தின் மென்பொருளைக் கணினியில் நிறுவி அதில் திறந்தால் உண்மையான கோப்பு வரும். எங்கள் வீட்டில் கணினி கிடையாது. வியாசர்பாடியில் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டரில் போய் இறக்கினாலும் அது பூட்டோடுதான், அதாவது நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்போடுதான், வரும். அந்தப் பூட்டைத் திறக்கும் வசதி கிண்டிலில் இல்லை. இதே நூலைப் பூட்டில்லாத ஈபப் (திரைக்கேற்ப வரிகள் மடங்கும் மின்னூல் வடிவம்) கோப்பாகக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஈபப் கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதியை அமேசான் 2022இலேயே கொண்டுவந்துவிட்டது. மின்னூல் விற்பவருக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

தொலைபேசியில் அழைத்தால், “உங்கள் கருவியில்தான் கோளாறு சார்” என்றார்கள். விடாமல் கேட்டதில் ஒரு பிடிஎஃப் வந்தது. ஏ4 தாள்களை அப்படியே ஸ்கேன் செய்தது. ஆறு அங்குலத் திரையில் ஒவ்வொரு வரியும் எறும்புச் சாரை. பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. “என்னப்பா, இதைப் படிக்க இன்னொரு ஆள் வேண்டும் போலிருக்கிறதே” என்று அப்பா கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கும் சண்டை போட்ட பிறகு வந்த கோப்புதான் உச்சம். இன்று எல்லாக் கருவிகளும் பயன்படுத்தும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அரைகுறையாக மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. கோப்போடு அந்த எழுத்துருவும் சேர்ந்து வராவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். மாற்றப்பட்ட பக்கங்களிலோ கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரிந்து, புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கிறது. பழைய முறையில் கொம்பை முதலில் அடிப்பார்கள். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். அந்த வரிசையை மாற்றக்கூட யாரும் மெனக்கெடவில்லை. தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப், மோபி (கிண்டிலின் பழைய கோப்பு வடிவம்), ஏ4 பிடிஎஃப், ஆறு அங்குல பிடிஎஃப் என்று தனித்தனியாக, அதுவும் இலவசமாகக் கிடைக்கின்றன. காசு வாங்குகிறவர்களுக்குத்தான் கை வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “பதிவிறக்கம் செய்த நூலுக்குப் பணம் தருவதில்லை” என்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும்; புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்தத் தளத்தில் அப்படி ஒரு பெயரே இல்லை.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: கோப்பு ஈபபா, பிடிஎஃபா? பூட்டு உண்டா? கிண்டிலில் திறக்குமா? ஒரு மாதிரி அத்தியாயத்தை வாங்கி உங்கள் கருவியிலேயே திறந்து, கொம்பும் காலும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ரசீதையும் விலைப்பக்கத்தின் திரைப்பிடிப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். நான் பதிந்துவிட்டேன், கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை.