பவளத் தொட்டியில் மண்டிய பாலிப்புகள்: பட்டர்வொர்த்திலிருந்து வந்த தம்பி செய்த வேலை

கடல்நீர்த் தொட்டியில் வேண்டாமல் மண்டுவதை வீட்டுக்கே வந்து அகற்றித்தரும் ஒரு தம்பியைப் பற்றி எழுதுகிறேன். ஒரே நாளில் முடித்துக்கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கு மூன்று முறை வந்தார், ஏழு வாரம் எடுத்துக்கொண்டார். முதல் முறைக்கு 180 ரிங்கிட், அடுத்த இரண்டுக்கும் தலா 90. இறால் வாங்கியது தனிக் கணக்கு. கொடுத்த பணத்தில் ஒரு காசும் வீணாகவில்லை.

பினாங்குத் தீவில், குளுகோரில் பதினோராவது மாடியில் எங்கள் வீடு. கூடத்தில் மூன்று அடி நீளக் கடல்நீர்த் தொட்டி, சுமார் 200 லிட்டர். மகன் ஆசையாக வைத்தது. அவன் வேலைக்காகக் கோலாலம்பூர் போய் நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளி விட்டு வந்ததும் அதன் முன் அரை மணி நேரம் உட்காராவிட்டால் எனக்கு நாள் முடிந்தது போலிருக்காது.

போன வருடம் வாங்கிய ஒரு பவளத் துண்டின் அடியில், பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோல ஒரு சின்னப் பூ ஒட்டியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். அதுதான் ஐப்டேசியா, கண்ணாடி அனிமோன் என்பார்கள். பூப்போலத் தெரிந்தாலும் அது கொட்டும் ஒரு கடல் உயிர். தீபாவளிக்குள் பாறையெங்கும் முளைத்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஹேமர் பவளம் அதன் கொட்டு தாங்காமல் சுருங்கியே கிடந்தது. கத்தியால் சுரண்டி எடுத்தேன். பத்து இருந்த இடத்தில் இரண்டு வாரத்தில் முப்பது. அறுகம்புல்லைப் பிடுங்கினால் மண்ணில் தங்கிய கணு தழைத்துவருமே, அதே கதைதான். அதன் அடிப்பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு பாறையில் தங்கினாலும் அது தனி அனிமோனாக வளர்ந்துவிடும்.

அப்புறம் ஒரு கடையில், ஐப்டேசியாவைத் தின்னும் பெப்பர்மின்ட் இறால் என்று சொல்லி ஐந்து கொடுத்தார்கள். ஐப்டேசியா அப்படியே இருந்தது, மகன் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஸோவா பாலிப்புகள், அதாவது பூப்போலக் கொத்தாக வளரும் சின்னக் கடலுயிர்கள்தான் ஒவ்வொன்றாகக் காணாமல்போயின. அந்தச் சமயத்தில்தான் சக ஆசிரியை ஒருவர் இந்தத் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

வருவதற்கு முன்பே, “டீச்சர், நான் ராத்திரி எட்டு மணிக்கு வரேன். ஆறு மணிக்கே தொட்டி விளக்கை அணைச்சிடுங்க” என்றார். வந்தவர் முதல் ஒரு மணி நேரம் தண்ணீரில் கையே வைக்கவில்லை. டார்ச் அடித்து, முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து என்று பார்த்துப் பார்த்து எண்ணினார். ஐப்டேசியா மட்டும் 63. நான் இருபத்தைந்து இருக்கும் என்று நினைத்திருந்தேன். இறால்களைப் பார்த்ததும், இது பெப்பர்மின்ட் இல்லை, ஒட்டக இறால் என்றார். உடம்பில் சிவப்புக் கோடுகளோடு வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்தால், முதுகு கூன் போட்டிருந்தால் அது ஒட்டக இறால், பாலிப்புகளைத் தின்னும். உண்மையான பெப்பர்மின்ட்டில் வெள்ளைக் கோடே இருக்காது. ஐந்தையும் அன்றே பிடித்துக் கொண்டுபோனார்.

என் கண்ணுக்கு எல்லாமே ஒரே தொல்லையாகத்தான் தெரிந்தது. அவர் மூன்றாகப் பிரித்தார். பின்பக்கக் கண்ணாடியில் பச்சைக் கம்பளம் மாதிரி ஏறியிருந்தது கிரீன் ஸ்டார் பாலிப். அதைப் பிளாஸ்டிக் அட்டையால் பாய் சுருட்டுவது போல உரித்தெடுத்து, மிச்சத்தை மணலின் நடுவில் ஒரு தனிக்கல்லில் வைத்துவிட்டார். வேறு பாறையைத் தொடாதவரை அது அழகான பொருள்தான். ஐப்டேசியாவுக்கு ஊசி. மூன்றாவது, இடது மூலையில் ஒரு கல் முழுக்க மண்டிக் கிடந்த பழுப்புப் பொத்தான்கள், பாலித்தோவா என்ற பாலிப் வகை.

அந்தக் கல்லைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. எடுத்துப் பெரிய பானையில் போட்டுக் கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துவிடும், கல்லை மறுபடி பயன்படுத்தலாம் என்று நினைத்துப் பானையைக்கூடத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். “டீச்சர், அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீங்க” என்றார். பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்வையால் சொல்ல முடியாது. கல்லைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. அன்றிரவு தூக்கம் வராமல் படித்துப் பார்த்தேன். ஹவாயில் ஹானா என்ற ஊரில், ஈட்டி முனையில் தடவும் கொடிய பாசி என்று மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்தது பாசியே இல்லை, பாலித்தோவா. அதிலிருந்துதான் மூர், ஷோயர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1971இல் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். என் சமையல்கட்டில், ஜன்னலை மூடிவைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் மாமியார் படுத்திருக்க, நான் அதைக் கொதிக்கவைக்க இருந்தேன்.

தம்பி நீளக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டார். கல்லைத் தேய்க்கவில்லை, சுரண்டவில்லை. தண்ணீருக்குள்ளேயே ஒரு வாளியில் இறக்கி, மூடி போட்டு எடுத்துப் போய்விட்டார். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் வெறுங்கையோடு தொட்டியில் இறங்காதீர்கள் என்றார். இப்போது கையுறைப் பெட்டி தொட்டிக்குக் கீழேயே இருக்கிறது. வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

ஐப்டேசியாவுக்கு அவர் பயன்படுத்துவது சுண்ணாம்பு. கால்க்வாசர் என்று பொடியாக விற்கிறார்கள், கால்சியம் ஹைட்ராக்ஸைடு. என் பாட்டி வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்த சுண்ணாம்பும் அடிப்படையில் அதேதான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பொடியை ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த தண்ணீரில் பற்பசைப் பதத்துக்குக் குழைத்து, மொட்டை ஊசியில் ஏற்றுகிறார். பம்பு, அலைக்கருவி எல்லாம் நிறுத்தம். ஊசி முனை மெதுவாகப் போகவேண்டும். நிழல் பட்டாலே ஐப்டேசியா வளைக்குள் சுருங்கிவிடும். விரித்திருக்கும்போதே வாயருகில் கொண்டுபோய் மெல்ல அழுத்தினால், தீனி என்று நினைத்துத் தானே உள்ளிழுத்துக்கொள்கிறது. மேலே இன்னும் கொஞ்சம் வைத்து மூடிவிட்டு, இருபது நிமிடம் தண்ணீர் அசையாமல் காத்திருந்தார்.

ஒரு நாளில் பத்துக்கு மேல் செய்யமாட்டேன் என்றார். எனக்கு முதலில் கோபம்தான், 63 இருக்கிறதே! ஆனால் சுண்ணாம்பு தண்ணீரின் பி.எச்.சை, அதாவது கார அளவை, ஏற்றிவிடும். பத்து முடிந்தபோது மீட்டர் 8.1இலிருந்து 8.3க்குப் போயிருந்தது. அறுபதையும் ஒரே மூச்சில் அடித்திருந்தால் மீன்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று அப்போது புரிந்தது. எனக்கும் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். இடைப்பட்ட வாரங்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஐந்து ஐந்தாக நானே செய்தேன்.

காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் ஐப்டேசியாவைத் தின்னுமாமே, வாங்கலாமா என்று கேட்டேன். விற்றால் அவருக்கு லாபம்தான், ஆனாலும் மறுத்துவிட்டார். அந்த வகையில் நிறைய மீன்கள் தொட்டித் தீனிக்குப் பழகாமல் பட்டினியில் செத்துப்போகும், மூன்று அடித் தொட்டி அதற்குப் போதவும் போதாது என்றார். இரண்டாம் முறை உண்மையான பெப்பர்மின்ட் இறால் மூன்று கொண்டுவந்தார். பெரியவற்றை அவை தொடுவதில்லை, இடுக்கில் முளைக்கும் குட்டிகளைத்தான் பார்த்துக்கொள்கின்றன. தினமும் இரண்டு கட்டி உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சின்ன உயிர்களாலான தீனி) போட்டுவந்தேன், அதை ஒன்றாக்கச் சொன்னார். மிஞ்சுகிற தீனியெல்லாம் ஐப்டேசியாவுக்குத்தான் விருந்து.

குறைகளும் உண்டு. பாலத்தில் நெரிசல் என்று இரண்டு முறை ஒரு மணி நேரம் தாமதம். தைப்பூசத்தையொட்டி ஒரு வாரம் ஆள் தண்ணீர்மலைக் கோயிலில், போனே எடுக்கவில்லை. எதையும் எழுதிக்கொடுப்பதில்லை, நான்தான் நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன். முதல் நாள் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு தவறி விழுந்து ஒரு காளான் பவளம் வெந்துபோனது. அதை அவரே சொன்னார், நான் கவனிக்கக்கூட இல்லை. அடுத்த முறை வரும்போது தன் தொட்டியிலிருந்து ஒன்று கொண்டுவந்து வைத்தார்.

போன வாரம் ஐப்டேசியாவை எண்ணினேன், நான்கு. ஹேமர் பவளம் முழுசாக விரிந்திருக்கிறது. படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன்.

தம்பி தனியாளாக வேலை செய்வதால் எண்ணைப் பொதுவில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தீவில் கடல்மீன் விற்கும் கடைகளில், பட்டர்வொர்த்திலிருந்து வீட்டுக்கு வந்து தொட்டி பார்க்கும் தமிழ்ப் பையன் என்று விசாரித்தால் சொல்வார்கள். அழைப்பதற்கு முன் ஓர் இரவு விளக்கணைத்து டார்ச் அடித்து எண்ணி வையுங்கள். அவர் முதலில் கேட்பது அந்த எண்ணிக்கையைத்தான்.