வெனீர் ஒட்டிய பல்லுக்கு அலைனரா, கம்பியா?

முன்பல்லில் வெனீர் (பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு) இருக்கிறது, பல் வரிசையோ மெல்ல விலகிவிட்டது. கம்பி கட்டுவதா, கண்ணுக்குத் தெரியாத அலைனர் (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) போடுவதா? என் ஓட்டு பெரும்பாலும் அலைனருக்குத்தான்.

கம்பி என்றால் பல்லுக்குப் பல் பிராக்கெட் (கம்பியைத் தாங்கும் சின்னப் பிடி) ஒட்ட வேண்டும். எனாமலில் பிடிப்பதுபோல் பீங்கானில் அது பிடிக்காது. அமிலத்தால் சொரசொரப்பாக்கி, சிலேன் என்ற பிணைப்புத் திரவம் பூசி ஒட்டுவார்கள். கழற்றும் நாளில்தான் பயமே: இடுக்கி அழுத்தும்போது வெனீரின் ஓரம் சில்லாகப் பெயரலாம், பளபளப்பும் மங்கலாம். உட்புறம் கட்டும் கம்பியில் இந்தக் கவலை குறைவு.

அலைனர் உறைபோல் மூடிப் பல்லைத் தள்ளுகிறது. ஆனால் அதற்கும் சில பற்களில் அட்டாச்மென்ட் என்ற சின்னப் பிசின் புடைப்பு ஒட்டுவது வழக்கம். வெனீர் இல்லாத பற்களிலேயே அதை வைக்க முடியுமா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். அப்புறம், நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். அது முடியாதவருக்கும், பல் ரொம்பத் திரும்பியிருப்பவருக்கும் கம்பியே மேல்.

வெனீர் பழசாகி எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால், சரி, முதலில் பல்லை நேராக்கிவிட்டு அப்புறம் புது வெனீர் ஒட்டுங்கள்.